பாலிசியை முறிக்குமுன் மூன்று தொகைகளைக் கேளுங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நம் மாவட்டத்து வியாபாரிகள் எளிதில் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரல் கடைத்தெருவில் தாமிரபரணி புகுந்து அரிசியும் பருப்பும் மூட்டையோடு ஊறிப் போயின. தண்ணீர் வடிந்ததும் கடையை மறுபடி நிரப்ப முதல் தேட வேண்டியிருந்தது. அந்நேரத்தில் பலருக்கு நினைவு வந்தது பெட்டியில் இருந்த ஆயுள் காப்பீட்டுப் பத்திரம். எனக்குத் தெரிந்த மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், பதினைந்து வருடம் பிரீமியம் கட்டிய எண்டோமென்ட் பாலிசியை அவசரத்தில் சரண்டர் செய்தார். "கட்டினதுக்கு மேலே தாராங்க, போதும்" என்றார். கட்டியதற்கு மேல் கிடைப்பதால் மட்டும் அது லாபமாகிவிடாது என்பதே என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காப்புத் தொகை 5 லட்சம், தவணைக் காலம் 20 வருடம், வருடப் பிரீமியம் 25,000, போனஸ் ஆயிரத்துக்கு 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வருடம் கட்டியாயிற்று. கம்பெனி சரண்டர் தொகையாக 4,80,000 தருகிறது என்போம். கட்டியது 3,75,000 தானே என்று கை நீளும். ஆனால் இனி ஒரு காசும் கட்டாமல் பாலிசியை 'பெய்டு அப்' ஆக விட்டுவைத்தால், காப்புத் தொகையில் முக்கால் பங்கான 3,75,000, சேர்ந்த போனஸ் 3,37,500, ஆக 7,12,500 ஐந்து வருடம் கழித்துக் கிடைக்கும். தொடர்ந்து கட்டினாலோ 9,50,000. அதாவது மேற்கொண்டு கட்டும் 1,25,000-க்கு ஈடாக 2,37,500 கூடுகிறது. இடையில் உயிருக்குக் காப்பும் முழுசாக இருக்கிறது. கறந்த பாலில் ஆடை படியும் நேரத்தில் பாத்திரத்தைக் கவிழ்ப்பதுபோல்தான் கடைசி வருடங்களில் முறிப்பது.

உண்டியலைத் தவணைக்கு முன்பே கொடுத்து, வட்டி கழித்துப் பணம் வாங்குவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. சரண்டரும் அதே வேலைதான். எத்தனை சதவீதம் கழிக்கிறார்கள் என்று பார்ப்பதே வியாபாரி செய்ய வேண்டியது. மேற்சொன்ன கணக்கில் 7,12,500-ஐ விட்டு 4,80,000 வாங்குவது, ஆண்டுக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்குவதற்குச் சமம். கந்துவட்டிக்காரரிடம் போவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அதைவிட நல்ல வழி பாலிசி பேரில் கடன். எல்.ஐ.சி.யில் நடப்பில் உள்ள பாலிசிக்கு சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை தருகிறார்கள். பாலிசியும் போகாது, போனஸும் நிற்காது. வட்டியை மட்டும் சேரவிடக் கூடாது. பிரீமியம் நின்றுபோன பாலிசியில் கடனும் வட்டியும் சரண்டர் மதிப்பைத் தாண்டினால் அவர்களே பாலிசியை முடித்துவிடுவார்கள்.

எப்போதும் முறிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. இரண்டு மூன்று வருடமே கட்டிய, இனிக் கட்டத் தெம்பில்லாத பாலிசியை இழுத்துக்கொண்டே போவதிலும் பயனில்லை. முன்பெல்லாம் முதல் வருடத்தோடு நிறுத்தினால் ஒன்றும் கிடைக்காது. 2024 அக்டோபர் 1 முதல் அமலான விதிப்படி, புதிய பாலிசிகளில் ஒரு வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தால் ஆண்டு முடிந்ததும் சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு. பழைய பத்திரங்களுக்கு அந்தந்தப் பத்திரத்தின் நிபந்தனைதான்.

இன்னொன்று. பத்திரத்தில் 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் என்று குறிப்பிருந்தால், அந்தப் பணம் மனைவி மக்களுடையது. கடன்காரர் கை வைக்க முடியாது. நாமும் நம் இஷ்டத்துக்கு சரண்டரோ கடனோ வாங்க முடியாது. வியாபாரம் நொடித்தாலும் வீட்டுக்கு மிஞ்சும் ஒரே சொத்து அதுவாக இருக்கக்கூடும். பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஏஜென்ட் வாயால் சொல்லும் தொகையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். சரண்டர் தொகை, பெய்டு அப் தொகை, முதிர்வில் வரக்கூடிய தொகை மூன்றையும் கிளையில் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்ததற்குக் குறைவாகத் தந்தால் முதலில் கம்பெனிக்கே புகார். தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான பிரச்சினைகளை விசாரிக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.