குரங்கு மேல பழி போடாதீங்க

"குரங்குக் காய்ச்சல்"னு பேரு வச்சதே தப்புங்க. 1957ல கர்நாடகாவின் கியாசனூர் காட்டுல முதல்ல கொத்துக்கொத்தா செத்தது குரங்குகள்தான். வைரஸைப் பரப்புறது உண்ணி.

காட்டுல மேயுற மாட்டு ரத்தத்துலதான் உண்ணி பெருகுது. அதை யாராவது "மாட்டுக் காய்ச்சல்"னு சொல்றோமா? மாட்டோம், பால் வேணுமே!

குரங்கைக் கல்லால அடிச்சா நோய் போகாது. செத்த குரங்கோட உடம்புல இருந்து இறங்குற உண்ணிகள் அங்கேயே அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும். கிட்டப் போகாதீங்க, செல்ஃபியும் வேணாம். வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உடனே சொல்லுங்க. வைரஸைக் கொல்ல எங்ககிட்ட தனி மருந்து கிடையாது. அந்தத் தகவல்தான் ஊருக்கு முதல் எச்சரிக்கை.

அந்தப் பக்கம் காட்டுக்குப் போய் வந்த ஒரு வாரத்துல திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலியா? காட்டுக்குப் போனதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.