தீப்பெட்டிக்குக் காவல், பந்தய டயருக்குப் பூட்டு!

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நெடுஞ்சாலையில் நின்றால், லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். சிலவற்றில் பட்டாசு, சிலவற்றில் தீப்பெட்டி. அந்த லாரிகளுக்கு டயர் தேய்ந்தால் பெரிய கவலை இல்லை. பக்கத்து ஊர்க் கடையிலேயே புது டயர் கிடைக்கும்.

ஆனால், ஒரு பந்தய வகைக் காருக்கு டயர் வேண்டுமென்றால்? சென்னைக்கே போனாலும் உடனே கிடைப்பது அரிது. கையில் பணம் இருந்தும் காத்திருக்க வேண்டும்!

"இது பணக்காரர் கவலை. சிவகாசிக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. சிவகாசித் தீப்பெட்டிக்குக் காவல் நிற்பதும், பந்தய டயருக்குப் பூட்டுப் போடுவதும் ஒரே வகையான அரசாங்க விதிதான்.

பந்தயத் திடலில் ஒரு நாள்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் கார் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலும் ஒன்று இருக்கிறது. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி, ஊருக்கு நடுவிலேயே இரவில் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அதன்பின் கிராமத்துப் பையன்கள்கூடப் பந்தயக் கார்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

போட்டி இல்லாத நாட்களிலும் திடலில் கார் ஓட்டலாம். கட்டணம் செலுத்தி, சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்கென்றே தனி டயர் உண்டு. அதன் ரப்பர் மென்மையானது. சூடேறினால் தரையை இறுகப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். பள்ளக் கோடுகள் குறைவு என்பதால், மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வழுக்கும்.

எண்ணில் இருக்கிறது சூட்சுமம்

எந்த டயரானாலும் அதன் பக்கவாட்டில் அளவு அச்சிடப்பட்டிருக்கும். 205/55 ஆர் 16 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்றால், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்பது ரேடியல் வகை. 16 என்பது நடுவில் உள்ள இரும்பு வளையத்தின் குறுக்களவு, அங்குலத்தில். அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் வரும். எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை அவை சொல்லும்.

சிறிய மாருதி ஸ்விப்ட் காரின் சாதாரண ரகத்துக்கு 165 மில்லிமீட்டர் அகல டயர் போதும். ஜெர்மனியின் போர்ஷே 911 ஜி.டி.3 காருக்கோ முன்னால் 255, பின்னால் 315. ஒரு அடிக்கும் அதிகமான அகலம்! முன் டயரைப் பின்னால் மாட்ட முடியாது. "கிட்டத்தட்ட சரி" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏன் கிடைக்கவில்லை?

தமிழ்நாட்டில் டயர் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. எம்.ஆர்.எப்., அப்பல்லோ, ஜே.கே., சியட், மிஷலின் எல்லாம் இங்கே இருக்கின்றன. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் எம்.ஆர்.எப். 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டம் வென்ற ஸ்பெயின் வீரரின் கார் அந்த டயரில்தான் ஓடியது. திறமைக்குக் குறைவில்லை.

குறை கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அச்சுக்குப் போட்ட பணம் திரும்பும். நாட்டில் சில நூறு கார்களே கேட்கும் அளவுக்கு யார் அச்சு செய்வார்?

சரி, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா? அங்கேதான் பூட்டு. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அனுமதி பெற்றுத்தான் கொண்டுவர வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேவை. 2025 செப்டம்பரில் டயருக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. விலை இறங்க வழி பிறந்தது, பூட்டு திறக்கவில்லை.

சிவகாசி கண்ட பலன்

இதே பூட்டு சிவகாசிக்கு வாழ்வு. பட்டாசு இறக்குமதிக்கும் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிகளின் விற்பனையைக் கெடுக்கிறது என்று 2022-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2024 அக்டோபரில் அதன் உதிரி பாகங்களுக்கும் தடை வந்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்கு அது சோறு.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தீப்பெட்டி இங்கே செய்யப்படுகிறது. செய்பவரைக் காப்பது நியாயம். இங்கே செய்யாத அளவு டயரைத் தடுத்தால் யார் பிழைப்பு காக்கப்படுகிறது?

கதவை அகலத் திறந்துவிடலாமா என்றால், அதுவும் ஆபத்து. 2025 அக்டோபரில் தூத்துக்குடித் துறைமுகத்தில், வேறு சரக்கின் பெயரில் வந்த சீனப் பட்டாசு பிடிபட்டது. பந்தய டயர் என்ற பெயரில் மலிவு டயர் குவிந்தால், உள்ளூர்த் தொழிலாளி வயிற்றில் அடி விழும். ஆகவே, இங்கே செய்யாத அளவுகளைப் பட்டியல் போட்டு, எண்ணிக்கையை வரையறுத்து, விரைவில் அனுமதி கொடுப்பதே நல்ல வழி.

தாமதத்தில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. சரியான டயர் கிடைக்காதவர், வேறு அளவையோ பழைய டயரையோ மாட்டிக்கொண்டு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகத் துணியலாம்.

பந்தயக் கார் இல்லாத குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கடைக்காரர் "புதுசு" என்று சொன்னாலும், குனிந்து அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பணத்தை எடுப்பதே புத்திசாலித்தனம்.