அணை உடைந்தது கடவுள் செயலா?

குற்றம் செய்தவன் தப்பித்துக்கொள்ளக் கடவுளைப்போல் உதவக்கூடிய சரக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை என்பதற்கு, அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் பஃபலோ க்ரீக் என்று ஒரு ஓடை. அதன் கரையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த சிற்றூர்கள் 16. ஓடையின் தலைப்பில், பிட்ஸ்டன் கம்பெனியின் சுரங்கத்தார் கழிவுக் கரியைக் கொட்டிக் கொட்டியே ஒரு அணை எழுப்பி, கரி கழுவிய கறுப்பு ஜலத்தைத் தேக்கி வைத்திருந்தார்கள். பாறையில் அஸ்திவாரம் கிடையாது. சேற்றின் மேல் கழிவு. கலங்கலும் கிடையாது, 24 அங்குலக் குழாய் ஒன்றே.

1972-ம் வருஷம் பிப்ரவரி 26-ந் தேதி காலை 8 மணி சுமாருக்கு அது உடைந்தது. சுமார் 13 கோடி காலன் தண்ணீர் இறங்கிற்று. முதலில் சாண்டர்ஸ் என்னும் ஊர் அடியோடு போயிற்று. பிறகு லொராடோ, லண்டேல் என்று ஊர் ஊராய். 125 பேர் மாண்டார்கள். 4,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள்.

கம்பெனியார் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? "கடவுளின் செயல்!" கடவுள் ஊற்றிய மழையை அணை தாங்கவில்லையாம்.

தோழர்களே! இது பக்தியால் வந்த பேச்சென்று ஏமாந்துவிடாதீர்கள். அது அந்நாட்டுச் சட்டத்திலுள்ள ஒரு வார்த்தை. நஷ்டம் கடவுளால் வந்ததென்று கோர்ட்டு ஒப்புக்கொண்டால் மனிதன் எவனும் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. நம்மூரில் தலைவிதி என்று சொல்லி ஏழையின் வாயை அடைக்கிறார்கள். அங்கே வக்கீல் வைத்துச் சொல்லுகிறார்கள்.

மழை கடவுளுடையதென்றே வைத்துக்கொள்வோம். கழிவை லாரி லாரியாகக் கொட்டியது யார்? அணை உடையுமென்று 1968-லேயே அங்குள்ள ஒரு பெண்மணி கவர்னருக்குக் கடிதம் எழுதினாரே, அந்த அம்மாளுக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரியாமற்போனதும் கடவுள் செயல்தானோ? முந்திய இரவெல்லாம் நீர்மட்டம் ஏறுவதைக் கம்பெனி அதிகாரிகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கீழே உறங்கிய ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் வாயைக் கட்டியது எந்தக் கடவுள்?

கவர்னர் நியமித்த கமிஷனே, கம்பெனி ஜனங்களின் உயிரைத் துச்சமாக மதித்ததென்று எழுதிற்று. 1974-ல் வழக்காடிய ஏறக்குறைய 600 பேருக்கு 1 கோடியே 35 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி ராஜி செய்துகொண்டது. கடவுள் செய்த காரியத்துக்கு இவர்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? மாகாண சர்க்கார் கேட்டதோ 10 கோடி டாலர். 1977-ல் ஆர்ச் மூர் என்னும் கவர்னர், பதவியை விட்டுப் போவதற்கு மூன்று நாள் முன்பு வாங்கிக்கொண்டது 10 லட்சம். மீதி 9 கோடியே 90 லட்சத்தைக் கடவுள் கணக்கில்தான் பற்று எழுதியிருக்க வேண்டும்.