கடனில்லாமல் ஒரு கேமரா

 

"வாப்பா! செல்போனில் எடுக்கும் படம் போதவில்லை. டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று வேண்டும்" என்று உங்கள் பிள்ளை கேட்டிருக்கக்கூடும். கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பயிலும் மகளோ, மஹல்லாவின் நிக்காஹ் வைபவங்களில் படமெடுத்து நாலு காசு ஈட்ட விரும்பும் மகனோ இவ்வாறு கேட்டால், அதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. அவர்களுக்கு அது ஒரு தொழிற்கருவி. உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வாங்குவதென்று முடிவு செய்துவிட்ட, ஆனால் கையில் பணம் குறைவாக உள்ள குடும்பங்களுக்காகவே இம்மாதம் எழுதுகிறேன்.

கடைக்குச் சென்றால், "இன்றே எடுத்துச் செல்லுங்கள்; பணத்தை மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம்" என்பார்கள். அங்கேதான் வட்டி நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறது. வட்டியில்லாத் தவணை என்று கூறப்படுபவற்றிலும், ஒரு மாதம் தவறினால் அபராதமும் வட்டியும் ஏறும் நிபந்தனை இருக்கக்கூடும். எழுத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். இருக்கும் தொகைக்குள் பழைய கேமரா ஒன்றை வாங்குவது கௌரவக் குறைவன்று. தொகை சற்றுக் குறைந்தால் உறவினரிடம் 'கர்ளன் ஹஸனா'வாகப் பெற்று, திருப்பித் தரும் நாளை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பழையது வாங்க இது ஏற்ற காலமுங்கூட. 2018ஆம் ஆண்டில் கேனான், நைகான் ஆகிய இரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாத 'மிரர்லெஸ்' வகையில் பெரிய சென்சார் கொண்ட கேமராக்களை வெளியிட்டன. அதன்பின் தொழில்முறைக் கலைஞர்கள் பலர் அவற்றுக்கு மாறவே, அவர்கள் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் சந்தைக்கு வந்தன. அவற்றின் விலைதான் இறங்கிற்றேயன்றித் திறன் இறங்கவில்லை. 2010இல் வந்த நைகான் டி7000, 16 மெகாபிக்சல் படம் எடுக்கும். ஏ-3 அளவு ஆல்பப் பக்கத்தில் தெளிவாக அச்சிட அது போதுமானது.

இனிப் பணத்தைப் பங்கிடுவோம். உங்களிடம் 25,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். முழுவதையும் கேமராவின் உடற்பகுதிக்கே கொட்டிவிடுவது பலரும் செய்யும் தவறு. ஏறத்தாழப் பாதியை அதற்கும், மூன்றில் ஒரு பங்கை லென்சுக்கும், மீதியைப் புதிய மெமரி கார்டு, உபரி பேட்டரி, பை ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். கேமராவுடன் வழக்கமாக வரும் 18-55 மி.மீ. லென்ஸ் குடும்பக் குழுப்படத்துக்கு உதவும். மங்கிய வெளிச்சமுள்ள மண்டபத்துக்கோ எஃப் 1.8 திறப்புடைய 50 மி.மீ. லென்ஸ் கைகொடுக்கும். முன்னது 55 மி.மீட்டரில் எஃப் 5.6 வரையே திறக்கும்; பின்னது அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும்.

ஓர் எச்சரிக்கை: நைகான் டி3200, டி5200 போன்றவற்றின் உடற்பகுதியில் குவிய மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப் 1.8 'டி' வகை லென்சை அவற்றில் பொருத்தினால், குவியத்தைக் கையால் திருகிக்கொண்டே இருக்க நேரும். அவற்றுக்கு 'ஏ.எஃப்-எஸ்' என்று குறித்த லென்சே ஏற்றது.

பொருளை நேரில் பாராமல் பணம் அனுப்பாதீர்கள். லென்சின் ஒரு முனையில் டார்ச் விளக்கை அடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை தென்பட்டால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். திறப்பை எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், சென்சாரில் உள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நைகானில் படக் கோப்பின் விவரங்களிலேயே அந்த எண் பதிவாகியிருக்கும். கேனானின் பல மாதிரிகளில் அவ்வாறு கிடைக்காது. டி7000இன் ஷட்டர் 1,50,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையை நெருங்கிய கேமராவுக்கு விலை குறைய வேண்டும். அடிப்பக்கத் திருகாணிகளில் கீறல் இருந்தால், அது முன்பே பிரிக்கப்பட்டிருக்கலாம். வரிசை எண்ணைப் பில்லுடன் ஒப்பிடுங்கள். திருட்டுப் பொருளென்று அறிந்தே வாங்குவது மார்க்கத்திலும் குற்றம், சட்டத்திலும் குற்றம்.

இவ்வளவு சோதிப்பது விற்பவரை அவமதிப்பதாகாதா என்று தயங்க வேண்டாம். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தானியக் குவியலொன்றினுள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூற, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவி, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது. ஆகவே, வாங்கும்போது குவியலுக்குள் கைவிட்டுப் பாருங்கள். நாளை நீங்கள் விற்கும்போது ஈரத்தை மேலே எடுத்து வையுங்கள். "பிளாஷ் சில நேரம் எரிவதில்லை" என்று நீங்களே சொல்லிவிட்டால் ஆயிரம் ரூபாய் குறையலாம். ஆனால் மறைத்துப் பெற்ற அந்த ஆயிரத்தில் பரக்கத் இராது.

விற்பவர்க்கு இன்னுமொரு பொறுப்புண்டு. கேமராவுடன் பழைய மெமரி கார்டைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அழித்துவிட்டதாக நாம் நினைக்கும் படங்களைச் சாதாரண மென்பொருளால் மீட்டெடுத்துவிட முடியும். நிக்காஹ் வீட்டில் நம்மை நம்பி முகம் காட்டி நின்ற பெண்களின் படங்கள் நம்மிடமுள்ள அமானிதம். சில நூறு ரூபாய்க் கார்டுக்காக அதனை அந்நியர் கையில் ஒப்படைப்பது எவ்வகையில் தகும்?

இறுதியாக ஒன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று லென்சுக்குப் பகை. தோல் பையிலோ மரப் பீரோவிலோ பூட்டி வைத்தால் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, அவை ஈரம் உறிஞ்சியதும் மாற்றி வாருங்கள். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். காப்பாற்றப்படுவதோ ஆயிரக்கணக்கான ரூபாய்.

புதியதா, பழையதா என்று படத்தைப் பார்ப்பவர் எவரும் கேட்கப் போவதில்லை. கருவி வந்த வழி ஹலாலா, அதில் எவருடைய உரிமையேனும் கலந்திருக்கிறதா என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. நம் பிள்ளைகளின் உழைப்பில் வல்ல ரஹ்மான் பரக்கத் செய்வானாக! கடனின் சுமையிலிருந்து நம் இல்லங்களைக் காப்பானாக! ஆமீன்.