ஒரு பக்கம் இடி, மறு பக்கம் குடி!

'ஒரு சுவரைத் தட்டிட்டாப் போதும் சார்' என்று கொத்தனார் சொன்னால் உஷாராகிவிடுங்கள். இங்கிலாந்தில் ஒரு பிரபுவுக்கே அப்படித்தான் ஆரம்பித்தது.

டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் என்றொரு மாளிகை. 1552-ல் பெஸ் என்ற சீமாட்டியும் கணவரும் கட்ட ஆரம்பித்தது. 1687-ல் வாரிசு வில்லியம் கேவண்டிஷ், தெற்குப் பக்கத்தை மட்டும் மாற்றலாமே என்று டால்மன் என்ற ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டார். தெற்கு பளபளத்ததும் கிழக்கு கண்ணை உறுத்தியது. அப்புறம் மேற்கு. நடுவில் டால்மனுக்குக் கல்தா! கடைசியில் வடக்கு. ஆக, 20 வருஷம். 1707-ல் வேலை முடிந்தது. அதே வருஷம் பிரபுவும் போய்ச் சேர்ந்தார். அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஆறாவது டியூக் சும்மா இருந்தாரா? வடக்கே நீளமாக ஒரு புதுப் பகுதி. அதில் சிற்பக்கூடம், நாடக மேடை. தோட்டத்தில், தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 277 அடி நீளத்துக்குக் கண்ணாடி வீடு எழுப்பினார். 1840-ல் முடிந்தது. அந்த அனுபவம்தான் 1851-ல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸாக நின்றது. முதல் உலகப்போரில் கொதிகலனுக்குக் கரியில்லை. வெப்ப நாட்டுச் செடிகள் விறைத்துச் செத்தன. 1920-ல் வெடி வைத்தார்கள். லேசில் விழவில்லை. திரும்பத் திரும்ப வைத்துத்தான் சாய்த்தார்கள்.

இனி, என் போன்ற பி.காம்.காரன் கண் கலங்கும் கட்டம். பத்தாவது டியூக் சொத்தை முன்கூட்டியே மாற்றி எழுதினார். எழுதி ஐந்து வருஷம் உயிரோடிருந்தால் மரண வரி கிடையாது. 1950 நவம்பரில், கெடு முடியச் சில மாதங்களே இருக்கும்போது மாரடைப்பு. வரி 80 சதவிகிதம்! 'போகிற காலத்தில் கணக்குப் பார்த்துப் போக முடியுமா?' என்று வேதாந்தம் பேசலாம். கஜானாக்காரன் கேட்கணுமே!

பெஸ் கட்டிய இன்னொரு மாளிகையான ஹார்ட்விக் ஹால், ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி ஓவியம், ஏராளமான நிலம்... எல்லாம் வரிக்குப் போயின. கணக்கு முழுசாய்த் தீர்ந்தது 1974-ல்.

சாட்ஸ்வொர்த் மட்டும் தப்பித்தது. எப்படி? வாசலில் டிக்கெட்! 1981-ல் ஓர் அறக்கட்டளை பொறுப்பேற்றது. வருகிறவர்கள் கொடுக்கும் காசில்தான் கூரை ஒழுகாமல் இருக்கிறது.

டியூக் குடும்பம் எங்கே? அங்கேதான் இருக்கிறது. முன்னோர்கள் இடித்து இடித்துக் கட்டிய அந்த வீட்டில், தான் புழங்கும் அறைகளுக்கு வாடகை கட்டிக்கொண்டு!