ஒரு பக்கம் பிடித்த சக்கரம்

ஹப் மோட்டார் பூட்டிய சைக்கிளின் பின்சக்கரம் பஞ்சரானால் வேலை இரட்டிப்பு. ஒயரைப் பிரிக்க வேண்டும், இருபக்க நட்டையும் தளர்த்த வேண்டும், செயினை விலக்க வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போகும் கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்னும் பகுதிக்காரர் ஒருவர் தனக்கென மோட்டார் பூட்டிய சைக்கிள் கட்டினால், சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும் அமைப்பு வெறும் அழகுக்கல்ல. மறுபக்கம் திறந்திருப்பதால் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை மாற்றிவிடலாம்.

இது புதிய யோசனையும் அல்ல. 1946இல் இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். விமானத்தின் தரையிறங்கு சக்கரம் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்து ஸ்கூட்டருக்கும் அப்படியே வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் நம் வீதிகளில் ஓடிய பஜாஜ் சேட்டக். நாலைந்து நட்டைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போன தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

மிதிவண்டியிலும் உண்டு. 1987இல் வந்த ஸ்ட்ரைடா மடக்கு சைக்கிளில் இரண்டு சக்கரமும் ஒரு பக்கப் பிடிதான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வென்ற லோட்டஸ் 108இன் முன்சக்கரத்தையும் ஒற்றைக்கால்தான் தாங்கியது.

சூட்சுமம் முழுவதும் அச்சில் இருக்கிறது. இருபுறமும் பிடித்த அச்சில் பாரம் பங்காகிவிடும். ஒருபுறம் மட்டும் பிடித்தால் அது அச்சை வளைக்கப் பார்க்கும். 40 கிலோ பாரம் பிடிமானத்திலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தாலே, 10 மில்லிமீட்டர் சாதா இரும்பு அச்சு தன் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும். குழியில் இறங்கினால் கேட்கவே வேண்டாம். அதே அச்சை 20 மில்லிமீட்டராக்கினால் வலு எட்டு மடங்கு. கூடவே இடைவெளி விட்டு இரண்டு பேரிங் வேண்டும். மலைக்குக் கீழே நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: லாரியின் முன்சக்கரமே குட்டை அச்சில், எதிரெதிராக வைத்த இரண்டு டேப்பர் பேரிங்கில்தான் சுற்றுகிறது.

முன்சக்கரத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா எஸ்1 ஸ்கூட்டர் ஒற்றைக்கால் முன்ஃபோர்க்குடன்தான் வந்தது. ஃபோர்க் உடைவதாகப் புகார்கள் எழ, 2023 மார்ச்சில் அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. அடுத்த தலைமுறை வண்டி இருகால் ஃபோர்க்குக்கு மாறியது. இறக்கத்தில் பிரேக்கின் சுமை பெரும்பாலும் முன்னால்தான் விழும். ஆகவே கொல்லிமலைக்குப் பின்சக்கரம் ஒரு பக்கம், முன்சக்கரம் இருபக்கம் என்பதே சரி.

மோட்டாரை எங்கே வைப்பது? கடையில் விற்கும் சைக்கிள் ஹப் மோட்டாரின் அச்சு பெரும்பாலும் இருபுறமும் பிடிக்கச் செய்தது. ஒரு பக்கப் பிடிக்கு ஆகாது. மிதிகட்டை அருகில் வைத்தால் கியரும் துணைக்கு வரும். அடுத்தது பேட்டரிக் கணக்கு: ஆளும் வண்டியும் 100 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 270 வாட்-மணி தேவை. உராய்விலும் வெப்பத்திலும் போவது தனி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே 360. 250 வாட்டையோ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தையோ தாண்டினால் பதிவு, உரிமம் என்று மோட்டார் வாகனச் சட்டம் குறுக்கே வரும். அந்த வரம்புக்குள் நின்றால், ஏற்றத்தில் காலும் சேர்ந்து மிதித்தாக வேண்டும்.