'விஷவாயு தாக்கி 2 பேர் பலி': இந்தத் தலைப்பில் யாரைக் காணோம்?

காலையில் போனை எடுத்தால் வரும் நோட்டிஃபிகேஷன்களில் ஒன்றிலாவது அந்த வார்த்தை இருக்கும். 'லாரி மோதி பலி.' 'மின்சாரம் பாய்ந்து பலி.' 'பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பலி.' படிச்சிட்டு ஸ்வைப் பண்ணிடுவோம். டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து இப்படிப்பட்ட தலைப்புகளை நானும் கணக்கில்லாமல் அடித்திருக்கிறேன்.

ஏன் 'பலி'? ஒரு காரணம் ரொம்ப சாதாரணமானது: இடம். 'உயிரிழப்பு' 6 எழுத்து, 'பலி' 2 எழுத்து. அச்சில் ஒற்றைக் காலம் தலைப்புக்கு வசதியாக இருந்த வார்த்தை, போன் ஸ்கிரீனுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

ஆனால் எல்லா மரணத்துக்கும் நாம் இதைப் போடுவதில்லை. அரசியல் தலைவர் என்றால் 'காலமானார்'. நடிகர் 'மறைந்தார்'. எல்லையில் ராணுவ வீரர் என்றால் 'வீரமரணம்'. 'மாரடைப்பால் முன்னாள் அமைச்சர் பலி' என்று அடித்துப் பாருங்கள், நியூஸ் எடிட்டர் நம்ம சீட்டுக்கே வந்துவிடுவார். கட்டடத் தொழிலாளி, பைக்கில் போன மாணவர், கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர், இவர்களுக்கு 'பலி' போதும். 2021 நவம்பரில் கோவை நவக்கரை அருகே ரயில் மோதி 3 யானைகள் இறந்தபோதும் இதே வார்த்தைதான். கொரோனா நாட்களில் 'பலி எண்ணிக்கை' கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓடியது.

பலி என்றால் படையல், காணிக்கை. கோயிலில் கொடிமரத்துப் பக்கம் பலிபீடம் இருக்கும். ஊர்த் திருவிழாவில் கிடா வெட்டினால், வெட்டக் கொடுத்தது யார், எந்த சாமிக்கு, என்ன நேர்த்திக்கடன் என்பது ஊருக்கே தெரியும். அந்த வார்த்தை செய்திக்குள் வந்ததும் ஒருவர் மட்டும் காணாமல் போய்விட்டார்: கொடுத்தவர்.

இது அதிகமாக உறுத்துவது தலைப்பில் இருக்கும் அந்தச் செய்தியில்தான். 'விஷவாயு தாக்கி' என்று படிக்கும்போது, வாயு எங்கிருந்தோ பாய்ந்து வந்த மாதிரி இருக்கு. உண்மையில், காற்றில்லாத தொட்டியில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அது ஏற்கனவே உள்ளேதான் இருக்கிறது. ஆளைத்தான் அதற்குள் இறக்குகிறார்கள்.

இறக்குபவர் யார் என்று சட்டம் கேட்கிறது. 2013-ம் ஆண்டின் மனிதக் கழிவுகளை மனிதர் அகற்றும் பணிக்கான தடைச் சட்டப்படி, உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ சுத்தம் செய்ய ஆளை ஈடுபடுத்துவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தில் இருக்கும் அந்த ஆள் நம்ம தலைப்பில் மட்டும் இல்லை.

டெஸ்க்கில் இதைப் பேசினால் சீனியர்கள் சொல்லும் பதில் நியாயமானது. "முதல் தகவல் வரும்போது யார் தப்புன்னே தெரியாது. யார் பேரையாவது போட்டுட்டு நாளைக்கு யாரு கோர்ட்டுக்கு அலையறது?" சரிதான். ஆனால் பேர் போடச் சொல்லவில்லையே. 'கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட 2 பேர் மரணம்' என்று எழுதலாம். கொஞ்சம் எழுத்து கூடும், அவ்வளவுதான். 'இறக்கப்பட்ட' என்று படித்ததும் "இறக்கியது யாரு?" என்ற கேள்வி தானாக வரும். ஆங்கிலத்திலும் இந்தப் பஞ்சாயத்து உண்டு. அலட்சியம்தான் காரணம் என்று புகார் எழுந்த சாலை மோதல்களை 'ஆக்சிடென்ட்' என்று எழுதுவதைத் தவிர்க்கும்படி அசோசியேட்டட் பிரஸ் தன் எழுத்து நடைக் கையேட்டில் 2016-ல் சொன்னது.

முதல் நாளுக்கு அந்தத் தயக்கம் புரிகிறது. மூன்றாம் நாள் வழக்குப் பதிவாகி, ஆளை அனுப்பியவர் கைதான பிறகும் நாம் போடுவது 'விஷவாயு தாக்கி 2 பேர் பலி: ஒப்பந்ததாரர் கைது' என்றுதான். பெரும்பாலும் அதற்கு நோட்டிஃபிகேஷனும் போவதில்லை.